இலையுதிர் காலத்தில் பேன்ஃபிஷ் ஏன் கரையை விட்டு விலகுகிறது?

புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் போன்ற, வாணலியில் முழுதாக அடங்கும் வட அமெரிக்க நன்னீர் மீன்களைப் பொதுவாகப் பேன்ஃபிஷ் என்பார்கள். கோடையில் கரையோரம் திரிந்த இவை இலையுதிர் காலத்தில் ஆழத்துக்குச் செல்வதற்கு நீரின் வெப்பநிலையே முதற்காரணம்.

ஆழமான ஏரிகளில் கோடையில் வெந்நீர் மேலேயும் குளிர்நீர் அடியிலும் தனித்தனி அடுக்குகளாக நிற்பதால், அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடுகிறது. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழிறங்கும்போது, சர்க்கரை அடியில் தங்கிய காபியைக் கலக்கினால் இனிப்பு எங்கும் பரவுவது போல, ஆக்சிஜன் அடிவரை பரவுகிறது. அதே சமயம் கரையோரப் பாசிகளும் செடிகளும் மடிவதால், மறைவிடமும் இரையும் இழந்த மீன்கள் ஆழத்தில் கூட்டமாகச் சேர்கின்றன. தூண்டில் போடுபவர்களுக்கு, அந்தக் கூட்டத்தின் மேலேயே ஓசையின்றி நிற்க முடிவதுதான் சிறு படகின் பெரிய நன்மை.

புளூகிலின் வாய் மிகச் சிறியது. ஆகவே சிறு தூண்டில் முள்ளில் இறகை நூலால் சுற்றிக் கட்டி, சுமார் 1 கிராம் எடை சேர்த்து, வீட்டிலேயே செய்யும் செயற்கை இரை மெதுவாக இறங்குவதால் நன்கு பலிக்கும். எடைக்கு ஈயம் வேண்டாம், வெள்ளீயம் போதும். ஈயத்தை விழுங்கும் நீர்ப்பறவைகள் இறந்துபோகின்றன. கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன் என்பதால், இரையை அதன் தலைக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும்.

குளிர் தொடங்கியதும் இவை இரையெடுப்பதையே நிறுத்திவிடும் என்ற எண்ணம் தவறானது. உறைந்த ஏரியில் பனிக்கட்டியைத் துளையிட்டும் இவற்றைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள்.