தியோத்திவாக்கானை முதல்முறை பார்ப்பவர்களுக்கு எங்கே ஆரம்பித்து, எப்படிச் சொல்வது?

மெக்சிகோ சிட்டிக்கு வரும் நண்பர்களை, பக்கத்திலுள்ள பழங்கால நகரமான தியோத்திவாக்கானுக்குக் கூட்டிப்போகப் போவதாகவும், எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வண்டியிலிருந்து இறங்கியதும் நேரே சூரியப் பிரமிடுக்குப் போய்விடாதீர்கள். 65 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்தபிறகு மற்றதெல்லாம் சின்னதாகத்தான் தெரியும். நாலு படம் எடுப்பார்கள், வேற்றுக்கிரகவாசிகள் கட்டியதா என்று ஒருவர் கேட்பார், அதோடு சரி.

நானாக இருந்தால் அந்தப் பிரமிடின் பின்பக்கம் இருக்கும் தெபந்தித்லாவில் தொடங்குவேன். அது ஒரு குடியிருப்பு. முற்றங்கள், சுற்றிலும் அறைகள். சுவரில் சின்னச் சின்ன மனிதர்கள் பந்து விளையாடுகிறார்கள், பட்டாம்பூச்சி பிடிக்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து சுருள் சுருளாக ஏதோ கிளம்புகிறது பாருங்கள், அது பேச்சு! இப்படிச் சுமார் 2,000 குடியிருப்புகளில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த நகரம் இது. தெற்கே வஹாக்கா என்ற பகுதியிலிருந்து வந்தவர்களுக்குத் தனிப் பேட்டையே இருந்தது. இது மனதில் பதிந்துவிட்டால், அப்புறம் பிரமிடைப் பார்க்கும்போது அதைச் சுமந்து கட்டிய ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள்.

ஸ்பானியர்கள் வந்தபோது மெக்சிகோவை ஆண்டுகொண்டிருந்த அஸ்தெக்குகள் கட்டியது என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்திவிடுங்கள். கி.பி. 550 வாக்கில் நகரின் நடுப்பகுதிக் கோயில்களும் மாளிகைகளும் எரிந்தன. அஸ்தெக்குகள் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்து, இடிபாடுகளுக்கு. ஊர்ப்பெயர்கூட அவர்கள் வைத்ததுதான்.

சூரியப் பிரமிடும் அப்படியே பழையதல்ல. மெக்சிகோவின் 1910 சுதந்திர நூற்றாண்டு விழாவுக்காகத் தொல்லியலாளர் லியோபோல்டோ பாத்ரேஸ் அவசர அவசரமாகச் சுரண்டியதில் வெளிப்புறத்தில் பல மீட்டர் போய்விட்டது. இப்போது தெரியும் அடுக்குகளில் ஒன்று அவர் கைவண்ணம். கற்களுக்கு இடையிலான சாந்தில் பொடிக்கற்கள் வரிசையாகப் பதித்திருக்கும். அந்த இடமெல்லாம் பின்னால் புதுப்பித்தது. இந்த அடையாளத்தைச் சொல்லிக்கொடுங்கள், பிறகு நண்பர்களே ஒவ்வொரு சுவராகத் துழாவுவார்கள்.

இறகுப் பாம்புக் கோயிலுக்குக் கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். அடியில் பலியிடப்பட்ட 200 பேருக்கு மேல் கிடைத்தார்கள், பலருக்குக் கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. 2003இல் மழையில் தரை உள்வாங்க, தொல்லியலாளர் செர்கியோ கோமேஸ் கயிற்றில் இறங்கிப் பார்த்தார். கீழே ஒரு சுரங்கம், அதன் கோடியில் பாதரசம். பாதாள ஆறாகவோ ஏரியாகவோ அதை வைத்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். சுரங்கத்துக்குள் நம்மை விடமாட்டார்கள், கோயில் முகப்பில் நின்றே கதையைச் சொல்லிக்கொள்ளலாம்.

இடம் 2,300 மீட்டர் உயரம், நிழல் கிடையாது. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள், தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் பிரமிடு ஏறுவதை நிறுத்தினார்கள், பிறகு சந்திரப் பிரமிடில் ஒரு பகுதியை மட்டும் திறந்தார்கள். இப்போதைய நிலவரத்தை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்; ஏறத்தான் வந்தோம் என்று முகம் தொங்கப்போட ஒருவராவது இருப்பார்.