ஆடிக் காற்றும் மார்கழி மூடுபனியும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடிப்பெருக்குக்கு என் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வருகிறான். தென்னை மரங்கள் வளையும் அளவுக்குக் காற்று அடிக்கும் மாதத்தில் விமானம் இறங்குவது ஆபத்து இல்லையா? – ஒரு வாசகி, லால்குடி

பதில்: அச்சம் வேண்டாம், அம்மா. திருச்சி விமான நிலையத்தைப் பொறுத்தவரை ஆடிக் காற்று பெரும்பாலும் விமானிக்குத் துணை செய்யும் காற்றுதான். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடர் விட்டுக்கொடுக்கும் இடம் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் பாய்ந்து, கோவை, கரூர் கடந்து, காவிரிச் சமவெளிக்குள் மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. திருச்சியின் ஓடுபாதையும் கிழக்கு மேற்காகவே அமைந்துள்ளது. அதன் ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருப்பார்கள். காந்த வடக்கிலிருந்து அளந்த 90 பாகை, 270 பாகை என்னும் திசைகளின் சுருக்கம் அது. ஆடியில் விமானம் கிழக்கிலிருந்து வந்து மேற்கு நோக்கி இறங்கும்போது காற்று அதன் முகத்தில் அடிக்கிறது.

விமானத்தைத் தாங்குவது தரை வேகம் அன்று, இறக்கையின் மீது ஓடும் காற்றின் வேகம். இறங்கும் கட்டத்தில் உங்கள் மகன் வரும் வகை ஜெட் விமானத்துக்கு மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் காற்று வேகம் வேண்டும் என்று கொள்வோம். எதிர்காற்றே 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், சக்கரம் தரையைத் தொடும்போது விமானம் 220 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலே போதும். ஓட்டத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. விமானி கணக்குப் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, காற்று தென்மேற்காகச் சாயும்போது உண்டாகும் பக்கக்காற்று. அதற்கு ஒவ்வொரு விமானத்துக்கும் வரம்பு உண்டு. மற்றொன்று, ஒரே சீராக வீசாமல் விட்டு விட்டு மோதும் வீச்சு. பிற்பகலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றும் அதோடு சேர்வதால் கடைசிச் சில நிமிடங்கள் விமானம் நன்றாகக் குலுங்கும். அந்தக் குலுக்கல் வயிற்றைப் புரட்டுமே தவிர, அதனால் இறக்கை முறியாது. இடுப்புப் பட்டியைத் தளர்த்தாமல் உட்காரும்படி மட்டும் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: சென்ற தை மாதம் விடியற்காலை திருச்சிக்கு வந்த விமானம் இறங்காமல் வட்டமடித்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டது. பனிமூட்டம் என்றார்கள். விமானத்தில் இருந்த என் தம்பியோ, ‘மேலிருந்து பார்த்தபோது ஓடுபாதை விளக்குகள் எனக்கே தெரிந்தன’ என்கிறான். விமானிக்கு எப்படித் தெரியாமல் போகும்? – ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் தம்பி கண்டது உண்மை, விமானி செய்ததும் சரி. மார்கழி, தை மாதங்களில் மேகமில்லாத, காற்றசையாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து வேகமாகக் குளிர்கிறது. சம்பா வயல்களும் வாய்க்கால்களும் ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும் நம் பகுதியில், தரையை ஒட்டிய காற்றிலுள்ள நீராவி விடியும் நேரத்தில் நுண்ணிய நீர்த்துளிகளாகத் திரண்டு நிற்கிறது. இந்தப் படலம் பல நாள்களில் பனைமர உயரம்தான் இருக்கும். செங்குத்தாகக் கீழே பார்ப்பவரின் பார்வை அந்தச் சில மீட்டரை மட்டும் கடப்பதால் விளக்கு தெரிகிறது. இறங்கும் விமானி பார்ப்பதோ ஏறக்குறைய 3 பாகைச் சரிவில். அவர் பார்வை அதே படலத்தை நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்குத் துளைக்க வேண்டும்.

முதல் வகைக் கருவித் தரையிறக்கத்துக்கு ஓடுபாதையோரம் அளக்கும் பார்வைத் தூரம் 550 மீட்டராவது இருக்க வேண்டும். ரேடியோ அலைகளின் வழிகாட்டலில் 200 அடி உயரம் வரை வரலாம். அந்த உயரத்தில் வழிகாட்டி விளக்குகள் விமானியின் கண்ணுக்குப் படவில்லை என்றால், ஒரு நொடியும் தயங்காமல் மேலே ஏறிவிட வேண்டும். கும்பகோணத்தில் அன்று வெயில் அடித்திருக்கலாம். தரைப்பனி திட்டுத் திட்டாக விழுவது. ஓடுபாதையின் ஒரு முனை தெளிந்திருக்க மறுமுனை மூடியிருப்பதும் உண்டு. புயலைக் கண்டு நாம் பயப்படுகிறோம், ஆனால் புயல் நாள்களுக்கு முன்பே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் அரை மணி நேரத்தில் இறங்கும் இந்தப் பனியைத்தான் வானிலை அலுவலர்கள் விடிய விடியக் கண்காணிக்கிறார்கள்.

கேள்வி: கத்திரி வெயிலில் பகல் விமானத்தில் சென்றபோது, வெப்பத்தால் எடை குறைக்க வேண்டும் என்று எங்கள் பெட்டிகளை அடுத்த விமானத்தில் அனுப்பினார்கள். இது சாக்குப்போக்கா? – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: காரணம் உண்மையானதாக இருக்கலாம். 15 டிகிரி வெப்பத்தில் உள்ள காற்றைவிட 40 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 8 விழுக்காடு குறைவு. இறக்கைக்குத் தாங்கும் விசையும் எஞ்சினுக்கு உந்துவிசையும் ஒருசேரக் குறைவதால், மேலெழ அதிக ஓட்டம் தேவைப்படும். திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,480 மீட்டர்; தொலைதூரப் பயணத்துக்கு எரிபொருளைக் குறைக்க முடியாது, ஆகவே பெட்டியில்தான் கைவைப்பார்கள். ஆனால் அதைப் பயணிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை.

கேள்வி: கோடை மாலையில் மழை நகருக்கு வெளியேதான் பெய்துகொண்டிருந்தது. ஓடுபாதை காய்ந்திருந்தும் விமானத்தைக் காக்க வைத்தது ஏன்? – ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: இடிமேகத்தின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று சில நேரம் மொத்தமாகத் தரையில் விழுந்து நாற்புறமும் சிதறும். 4 கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில், சில நிமிடமே நீடிக்கும் நிகழ்ச்சி இது. அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைத்து வேகம் கூடியதுபோல் தோன்றும். உடனே கீழ்நோக்கிய அழுத்தம், அடுத்து பின்காற்று என்று மூன்றும் அடுத்தடுத்து வர, தரைக்கு அருகில் வேகம் சரிந்துவிடும். 1985 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் டல்லஸ் நகரில் டெல்டா விமானம் இப்படித்தான் விழுந்து 137 பேர் உயிரிழந்தார்கள். விமானத்திலேயே காற்று மாற்றத்தை உணர்ந்து எச்சரிக்கும் கருவிகள் பரவலானது அதற்குப் பிறகுதான். ஆகவே, மேகம் நகரும் வரை 20 நிமிடம் வட்டமிடுவது முழுக்க நியாயம். மாற்று விமான நிலையத்துக்குப் போகும் அளவும், அதற்கு மேல் 30 நிமிடம் பறக்கும் அளவும் எரிபொருள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் தொடும் நிலை வருவதற்கு முன்பே விமானி மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பிவிடுவார். சித்திரை, வைகாசி மாலைகளில் உறவினரை அழைக்கச் செல்பவர்கள், பட்டுக்கோட்டையில் வண்டி எடுக்கும் முன் விமான நிறுவனத்திடம் ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.