பெரிய வீடா, ரயிலடி வீடா?

உங்கள் இருவரில் ஒருவருக்கு நகர மையத்தில் வேலை, மற்றவருக்கு வீட்டிலிருந்தே வேலை, பிள்ளைகள் இரண்டாவதும் ஏழாவதும் படிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைவில் பெரிய வீடா, ரயில் நிலையத்தருகே சின்ன வீடா என்று கேட்டால், தயங்காமல் சின்ன வீடு என்பேன். தொலைவான புறநகரில் பெரும்பாலும் இரண்டாவது கார் தேவைப்படும். கடன் தவணை, காப்பீடு, எரிபொருள், பழுது எல்லாம் சேர்ந்தால் வாடகையில் மிச்சமாவது கரைந்துவிடும். ஏழாவது படிக்கும் பிள்ளை விரைவிலேயே தனியாக வெளியே போக விரும்பும். அப்போது நீங்கள் ஓட்டுநராகிவிடுவீர்கள்.

பயண நேரத்தை ஞாயிறு மதியம் பார்க்காதீர்கள். வரைபடச் செயலியில் வேலைநாள் காலை எட்டு மணிக்குப் புறப்படுவதாகக் கொடுத்துப் பாருங்கள். வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரையிலான நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; விளம்பரங்கள் அதை வசதியாக மறந்துவிடும்.

இருப்பிடத்தை வைத்துச் சேர்க்கும் பள்ளி என்றால், முகவரியைச் சொல்லி பள்ளியிடமே கேளுங்கள். எல்லைக்கோடு தெருவின் நடுவிலேயே போகலாம். அப்படியானால் எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கும் இடம் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். வீட்டுத் தரகரின் வாய்மொழி இதில் செல்லாது.

முதல் ஆண்டு வாடகைக்கே இருங்கள். வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.