749 வெள்ளிக்குத் தானே சுத்தம் செய்யும் பூனைப் பெட்டி: வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான், கணவர், மாமியார், இரண்டு பூனைகள் இருக்கிறோம். 2024 செப்டம்பரில் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்த பிறகு இரண்டுக்கும் உரிமம் எடுத்துவிட்டோம். நான் மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். இப்போது நான்கு மாதக் கர்ப்பம். பூனை மணலைத் தொடவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கணவர்தான் காலையும் இரவும் இரண்டு மணல் பெட்டிகளையும் அள்ளுகிறார். துவாஸில் வேலை முடித்து அவர் வீடு வர இரவு ஒன்பது தாண்டிவிடும். மாமியாருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் பெட்டி ஒன்று 749 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வருகிறது. தள்ளுபடி இந்த வார இறுதி வரைதான். வட்டியில்லாமல் மூன்று தவணையாகக் கட்டலாம். பார்க்க அதே போல் இருக்கும் இன்னொன்று 189 வெள்ளி. மண்ணள்ள இவ்வளவு காசா என்று மாமியார் கேட்கிறார். எங்கள் மாதச் செலவு 3,200 வெள்ளி, கையில் சேமிப்பு 4,000 வெள்ளி. அரசு தரும் குழந்தை போனஸ் வந்ததும் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பது கணவரின் எண்ணம். வாங்கலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். 189 வெள்ளிப் பெட்டியை எப்போதுமே வாங்காதீர்கள். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக யோசிக்கிறீர்கள், மூன்றிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

உங்கள் கர்ப்பத்தை முன்னிட்டுத்தான் இந்தப் பேச்சே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். டாக்டர் மணலைத் தொடவேண்டாம் என்றதற்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. தொற்றுள்ள பூனையின் மலத்தில் அதன் முட்டைகள் வெளியே வரும். வந்தவுடன் அவை தொற்றாது. ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும். அதனால்தான் பெட்டியைத் தினமும் அள்ள வேண்டும், வேறு ஒருவர் அள்ள வேண்டும் என்கிறார்கள். இந்த இயந்திரம் என்ன செய்கிறது? பூனை இறங்கிப் போன சில நிமிடங்களில் உருளை சுழன்று, கட்டியானதைச் சலித்து, அடியில் இருக்கும் இழுப்பறையில் தள்ளிவிடுகிறது. இரண்டு பூனைகள் என்றால் அந்த இழுப்பறை நிரம்ப ஒரு வாரம் ஆகலாம். அதாவது தினமும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த கழிவு இனி ஒரு வாரம் உள்ளேயே கிடக்கும். அந்தப் பையை எடுத்துக் கட்டுவது நீங்களாக இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறை உருளையைக் கழுவுவதும் நீங்களாக இருக்கக் கூடாது. ஆக, கர்ப்ப காலத்தில் இந்தப் பெட்டி உங்கள் வேலையைக் குறைக்காது, ஏனென்றால் உங்களுக்கு இப்போது அந்த வேலையே இல்லை. குறைவது கணவரின் வேலை. அதுவும் வாங்குவதற்கு நல்ல காரணம்தான். ஆனால் கணக்கில் அதை அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தப் பெட்டி மணலை மிச்சப்படுத்தும், பணத்தை மிச்சப்படுத்தும் என்று விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுங்கள். மணல் செலவில் பெரிய வித்தியாசம் வராது. நீங்கள் வாங்குவது நேரம். எனவே, மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளையும் இரண்டு வேளை அள்ள ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 61 மணி நேரம். இயந்திரம் வந்தால் அத்தனையும் மிச்சமா என்றால், இல்லை. பை மாற்றுவது, மணல் நிரப்புவது, உணரிகளை (சென்சார்களை) துடைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து வாரத்துக்கு இருபது நிமிடம் போகும். அது ஆண்டுக்கு 17 மணி நேரம். அப்புறம், பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. இரண்டு பூனைகளுக்கு ஒரே பெட்டி போதாது. பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூடுதலாகப் பெட்டி வையுங்கள் என்பதுதான் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. மின்சாரம் போனாலும், இயந்திரம் பழுதானாலும், ஒரு பூனை இன்னொன்றை வழிமறித்தாலும் குறைந்தது சாதாரணப் பெட்டி ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். அதை அள்ளத் தினம் மூன்று நிமிடம் என்றால் ஆண்டுக்கு 18 மணி நேரம். இரண்டையும் கழித்தால் உண்மையில் உங்கள் வீட்டுக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 25 மணி நேரம்தான்.

இனிச் செலவு. விலை 749 வெள்ளி. அளவெடுத்த பைகள், நாற்றம் போக்கும் வில்லைகள் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி என்று வைக்கிறேன். வாங்குவதற்கு முன் கடையில் அவற்றின் விலையைக் கேட்டு இந்த எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்குப் பயப்பட வேண்டாம். சராசரியாக 5 வாட் இழுத்தால், யூனிட் 30 காசு கணக்கில் ஆண்டுக்கு 15 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பெட்டி நான்கு ஆண்டுகள் உழைத்தால் மொத்தச் செலவு 1,169 வெள்ளி. மிச்சமான ஒரு மணி நேரத்தின் விலை 12 வெள்ளிக்குக் கொஞ்சம் கீழே. இரண்டே ஆண்டில் நின்றுவிட்டால் 19 வெள்ளி. ஓராண்டு உத்தரவாதம் முடிந்த கையோடு மோட்டார் போனால் 34 வெள்ளி.

இந்த மூன்று எண்களையும் பார்த்தால் உங்களுக்கே தெரியும். வாங்கும் விலையைவிட, பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 50 வெள்ளித் தள்ளுபடியைப் பிடிக்க ஓடுவதை விட, உள்ளூரில் பழுதுபார்ப்பவர் இருக்கிறாரா, மோட்டாரும் உணரியும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரிப்பதுதான் பெரிய லாபம். நான்கு ஆண்டு உழைக்கும் பெட்டி என்றால் மணிக்கு 12 வெள்ளி என்பது நல்ல விலை. பகுதிநேரமாக வீடு சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால் அதைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் உங்கள் மாமியாரிடம் பொறுமையாக இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவழித்துக் குடும்பம் நடத்தியவர்களுக்குக் கணக்கு புரியும்.

அப்படியானால் ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன்? உங்கள் 4,000 வெள்ளியைப் பாருங்கள். மாதச் செலவு 3,200 என்றால் அது ஒன்றேகால் மாதத்துக்குத்தான் தாங்கும். இன்னும் ஐந்து மாதத்தில் பிரசவம். அதற்குப் பிறகு உங்கள் ஷிஃப்ட் படி குறையலாம், செலவு கூடும். இந்த நேரத்தில் சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்கை ஒரு பெட்டிக்குக் கொடுப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. மூன்று மாதச் செலவு, அதாவது 9,600 வெள்ளி, கையில் இருக்கும் குடும்பம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். குனிய முடியாத வயதானவர் தனியாகப் பூனை வளர்த்தால், மணிக்கணக்கு கூடப் பார்க்க மாட்டேன், உடனே வாங்கச் சொல்வேன். உங்கள் வீட்டில் குனியக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், பணம்தான் இறுக்கமாக இருக்கிறது.

தவணையும் இதைச் சரிசெய்யாது. வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்று தவணை என்றால் மாதம் 250 வெள்ளி, அதுவும் பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில். ஒரு தவணை தவறினால் தாமதக் கட்டணம் விழும். குழந்தை போனஸை இப்போதே செலவழிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. முதல் குழந்தைக்கு 11,000 வெள்ளி என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது ஒரே நாளில் வராது. குழந்தைக்கு ஆறரை வயதாகும் வரை பகுதி பகுதியாக வரும். முதலில் வரும் தொகை தடுப்பூசி, டயப்பர், உங்கள் உடல்நலம் என்று போகட்டும். அது குழந்தைக்கு உரிய பணம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

பூனைகளுக்கும் தனியாகக் கொஞ்சம் பணம் வேண்டும். உங்களிடம் ஆண் பூனை இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் அடைப்பு வரக்கூடும். பெட்டிக்குப் போய்ப் போய் வரும், மணலில் கட்டி இருக்காது. அது அவசர நிலை, மணிக்கணக்கில் காத்திருக்கக் கூடாது. சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் ஆகலாம். உங்கள் கணவர் அள்ளும்போது கட்டியின் எண்ணிக்கையும், இரத்தம், வயிற்றுப்போக்கு போன்றவையும் தானாகவே கண்ணில் படுகின்றன. இயந்திரம் அவற்றை மூடிய இழுப்பறைக்குள் தள்ளிவிடும். நல்ல பெட்டிகள் பூனை எத்தனை முறை போனது, அதன் எடை என்ன என்று கைப்பேசியில் காட்டும், ஆனால் அதை யாராவது தினமும் பார்க்க வேண்டும். 749 வெள்ளிப் பெட்டி இருந்து, மருத்துவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாத நிலை வரக் கூடாது.

எனவே நான் சொல்லும் வழி இது. மாதம் 75 வெள்ளியைத் தனிக் கணக்கில் போடுங்கள். பத்து மாதத்தில் 750 வெள்ளி சேரும். அப்போது குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும், நேரம் உங்களுக்கு உண்மையிலேயே அருமையாக இருக்கும். நடுவில் பூனைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்தப் பணம் அதற்குப் போகட்டும், பெட்டி தள்ளிப்போகட்டும். இந்த வாரத் தள்ளுபடி போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். இணையக் கடைகளில் 9.9, 11.11, 12.12 என்று தேதியைப் பெயராக வைத்துத் தள்ளுபடி வந்துகொண்டேதான் இருக்கும். அதுவரை கணவரின் சுமையைக் குறைக்கச் சின்னச் செலவுகள் போதும். பெரிய, ஆழமான பெட்டி வாங்கி மணலை மூன்று அங்குலம் போட்டால் கட்டி அடியில் ஒட்டாது, அள்ளுவது சீக்கிரம் முடியும். பக்கத்திலேயே மூடியுள்ள கழிவு வாளி ஒன்று வைத்தால் இரவில் குப்பையைக் கட்டிக்கொண்டு அலைய வேண்டாம்.

இனி அந்த 189 வெள்ளிப் பெட்டி. அமெரிக்காவின் மிச்சிகன் நிறுவனம் ஒன்றின் தானியங்கிப் பூனைப் பெட்டியான லிட்டர்-ரோபோ 2000 முதல் சந்தையில் இருக்கிறது. 2022-ல் வந்த நான்காம் தலைமுறையின் விலை அங்கே 699 அமெரிக்க டாலராக இருந்தது. அந்த விலையில் எடையறியும் உணரிகளும், பூனை தலையை நுழைத்தால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பும் அடங்கும். பெயர் மாறி மாறி விற்கும் மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் உள்ளுருளையின் வாய் வெளிச்சட்டத்தின் விளிம்பைக் கடந்து சுழலும். உணரி தவறினால் நடுவில் பூனையின் கழுத்து மாட்டிக்கொள்ளும். இப்படிப் பூனைகள் இறந்த செய்திகள் வெளிவந்திருக்கின்றன. மிச்சமாகும் 560 வெள்ளிக்காக இந்த ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். வாய் மேல்நோக்கித் திரும்பிச் சுழலும் அமைப்பாகவோ, சுழலும்போது இடுக்கு உண்டாகாத அமைப்பாகவோ பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் நாள் வரும்போது சிங்கப்பூரில் பதிவுபெற்ற கடையில் வாங்குங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கினாலும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரி தப்பாது, பழுதானால் 10 கிலோ பெட்டியைத் திருப்பியனுப்பும் செலவும் உங்கள் தலையில் விழும். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இங்கே 2012 செப்டம்பர் முதல் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே இருந்த குறை என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். கடைக்காரர் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பிக் கேட்கவோ உங்களுக்கு உரிமை உண்டு. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரசீதைப் பத்திரமாக வையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மணல் அந்தப் பெட்டிக்கு ஒத்துவருமா என்றும் கேளுங்கள். மரத்தூள் உருண்டைகள் பெரும்பாலும் சல்லடையில் சிக்கும். சோயாச் சக்கையில் செய்யும் தோஃபு மணலிலும் மெல்லிய வகைதான் சரியாக இறங்கும். மணலை மாற்ற வேண்டி வந்தால் அந்த விலை வித்தியாசத்தையும் ஆண்டுச் செலவில் சேருங்கள்.

கொண்டுவந்த முதல் இரண்டு வாரம் அதை இயக்காமல், பழைய பெட்டிக்குப் பக்கத்தில், பழைய மணல் இரண்டு கை போட்டு வையுங்கள். இரண்டு பூனைகளும் தாமாகவே உள்ளே போய் வரத் தொடங்கிய பிறகு, வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் சுழல விடுங்கள். பூனை ஏற்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதைப் பணம் கட்டும் முன்பே கடையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.