மாதவிடாய் வராத மகளும் ஒய் குரோமோசோமும்

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மார்பக வளர்ச்சி இயல்பாக இருந்தும் மாதவிடாய் தொடங்கவில்லை. ஸ்கேனில் கருப்பை தென்படவில்லை. குரோமோசோம் பரிசோதனை 46 எக்ஸ்ஒய், அதாவது வழக்கமாக ஆண்களிடம் காணப்படும் அமைப்பு, என்கிறது. அறிக்கை தவறா? அடுத்து என்ன செய்வது?

பதில்: அறிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் உங்கள் மகள் பெண் அல்ல என்று ஆகிவிடாது.

ஏறத்தாழ ஆறாவது வாரம் வரை எல்லாக் கருவிலும் பாலினச் சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒய் குரோமோசோமில் உள்ள, 1990இல் அடையாளம் காணப்பட்ட எஸ்ஆர்ஒய் என்னும் மரபணு அப்போது சிறிது காலம் விழித்தெழுந்து, சாக்ஸ்9 என்னும் இன்னொரு மரபணுவைத் தூண்டுவதால் அச்சுரப்பி விந்தகமாகிறது. இந்த ஒற்றை மரபணுவைச் செலுத்திய எக்ஸ்எக்ஸ் (பெண் குரோமோசோம் அமைப்புள்ள) சுண்டெலிக் கரு ஆணாக வளர்ந்ததை 1991இல் ஆய்வாளர்கள் காட்டினர். எஸ்ஆர்ஒய் இல்லையென்றால் சுரப்பி தானாகவே சூலகமாகிவிடும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. உண்மையில், டபிள்யுஎன்டி4, ஆர்எஸ்பிஓ1 போன்ற மரபணுக்களின் உழைப்பால்தான் சூலகம் அமைகிறது.

விந்தகம் அமைந்தபின் எஞ்சிய பணி ஹார்மோன்களுடையது. ஒரு ஹார்மோன் கருப்பையாக வளரவேண்டிய முல்லர் நாளத்தைக் கரைத்துவிடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஆண் உறுப்புகளை வளர்க்கிறது. ஆனால் டெஸ்டோஸ்டிரோனைச் செல்கள் உணர வேண்டுமானால் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்னும், ஆண் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம் தேவை. அதற்கான மரபணு இருப்பதோ எக்ஸ் குரோமோசோமில். அது முற்றிலும் செயலிழந்திருந்தால், விந்தகம் உடலுக்குள் இருந்து டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்தாலும் உடல் அதைக் கண்டுகொள்ளாது. கருப்பை இல்லாமல், புறத்தோற்றத்தில் பெண்ணாகவே குழந்தை பிறக்கும். பருவ வயதில் அந்த டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பகமும் வளரும். நீங்கள் சொல்லும் விவரங்கள் இந்த ஏற்பிக் குறைபாட்டுக்குத்தான் மிகவும் பொருந்துகின்றன. விந்தகமே உருவாகாத ஸ்வையர் நிலை என்றால் கருப்பை இருக்கும், மார்பகம் தானாக வளர்ந்திராது.

நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் டெஸ்டோஸ்டிரோன் அளவு, எம்ஆர்ஐ, ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணுச் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். உள்ளிருக்கும் சுரப்பியை உடனே அகற்றிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஸ்வையர் நிலையில் கட்டி வரும் அபாயம் மிகுதி என்பதால் அகற்றுவது அவசியமாகிறது. ஏற்பிக் குறைபாட்டிலோ பருவம் முடியும்வரை அபாயம் குறைவு, உங்கள் மகளுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தருவதும் அந்தச் சுரப்பிதான். அகற்றிய பிறகு ஹார்மோன் சிகிச்சையைத் தொடர்ந்து எடுக்க வேண்டிவரும். ஏற்பி மரபணுவில் ஏற்படும் இந்த மாற்றம் பல குடும்பங்களில் தாய்வழியே வருவதால், சோதனையில் அது உறுதியானால் தாயும் சகோதரிகளும் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

இவற்றை மகளிடம் மறைக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறேன். தனக்கு மாதவிடாய் வராது, கருத்தரிக்க இயலாது என்பதை அவள் பின்னாளில் ஏதோ ஒரு மருத்துவக் கோப்பில் தனியாகப் படித்து அறிவதைவிட, இப்போது மருத்துவரும் நீங்களும் அருகில் அமர்ந்து சொல்லக் கேட்பது அவளுக்கு எவ்வளவோ மேல்.