பண்டிகைச் செலவுக்குப் பணம் சேர்ப்பது: கேள்வி பதில்

பண்டிகை நெருங்கும் வேளையில் கையிருப்பு போதாமல் போவது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். பண்டிகை வரும் நாள் நமக்கு முன்கூட்டியே தெரியும். ஆகவே அதற்கான செலவை எதிர்பாராத செலவாகக் கருதக் கூடாது என்பதே என் பதில்கள் அனைத்துக்கும் அடிப்படை.

கேள்வி: மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பண்டிகை மாதத்தில் செலவு கையைக் கடிக்கிறது. எவ்வளவு சேர்க்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?

சென்ற ஆண்டின் கணக்கிலிருந்து தொடங்குங்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கும் பிந்தைய ஒரு மாதத்துக்கும் உரிய வங்கிக் கணக்கு அறிக்கையையும் கைப்பேசி வழியாகச் செலுத்திய பணத்தின் பதிவுகளையும் எடுத்து, பண்டிகைக்காகச் செலவானவற்றைத் தனியே எழுதிக் கூட்டுங்கள். துணியும் பரிசுப் பொருளும் எல்லாருக்கும் நினைவில் இருக்கும். பயணச் சீட்டு, விருந்தினர் வருகை, பார்சல் கட்டணம், வேலைக்கு உதவுபவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்பு, கடைசி நேரத்தில் அவசரமாக வாங்கிய சில்லறைப் பொருள்கள் ஆகியவை நினைவில் நிற்பதில்லை. பெரும்பாலான குடும்பங்களில் கணக்கு தவறுவது இவற்றால்தான். கிடைத்த மொத்தத்தைப் பண்டிகைக்கு முன் வரவிருக்கும் சம்பளங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒவ்வொரு சம்பளத்திலும் எடுத்து வைக்க வேண்டிய தொகை தெரிந்துவிடும். அந்தத் தொகை உங்கள் சக்திக்கு மீறியதாகத் தோன்றினால், பட்டியலை இப்போதே சுருக்குங்கள். கடைக்குள் நின்றுகொண்டு சுருக்குவது மிகக் கடினம்.

சேர்க்கும் பணம் அன்றாடச் செலவுக் கணக்கில் கலந்திருந்தால் அது நிலைக்காது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் டிரஸ்ட் கம்பெனி என்ற நிறுவனம், வாரந்தோறும் சிறு தொகை செலுத்திக் கிறிஸ்துமஸுக்கு முன் மொத்தமாகப் பெற்றுக்கொள்ளும் சேமிப்புக் கணக்கை 1909ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. இவ்வகைக் கணக்குகளில் வட்டி குறைவாக இருந்தும் மக்கள் விரும்பிச் சேர்ந்ததற்கு, இடையில் எளிதாகப் பணத்தை எடுக்க முடியாது என்பது ஒரு முக்கியமான காரணம். ஒரு நோக்கத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை மனிதர்கள் வேறு செலவுக்குத் தொடத் தயங்குவார்கள் என்பதைப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருக்கு 2017ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே, தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, சம்பளம் வந்த மறுநாளே குறிப்பிட்ட தொகை தானாகவே அதற்குள் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வருமானம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. மாதம் இவ்வளவு என்று எப்படி ஒதுக்குவது?

தொகையாக ஒதுக்காமல் விகிதமாக ஒதுக்குங்கள். கைக்கு வரும் ஒவ்வொரு வரவிலும், அது சிறியதானாலும், நூற்றுக்கு ஐந்து அல்லது எட்டு என்று எடுத்து வைத்தால், வரவில்லாத மாதத்தில் குற்ற உணர்வும் இருக்காது, நல்ல மாதத்தில் பணம் கரைந்தும் போகாது.

கேள்வி: முதல் வாரம் 1, இரண்டாம் வாரம் 2 என்று 52 வாரங்கள் சேர்க்கும் முறை பயன் தருமா?

முதல் வாரம் போடும் தொகையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், முழுமையாகச் செய்யும்போது மொத்தம் 1,378 பங்கு சேரும். ஆனால் கடைசி நான்கு வாரங்களில் மட்டும் 202 பங்கு போட வேண்டியிருக்கும், முதல் நான்கு வாரங்களிலோ வெறும் 10 பங்குதான். பண்டிகைச் செலவு நெருக்கும் நேரத்தில் சேமிப்புச் சுமையும் உச்சத்தில் இருப்பதால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். இதையே தலைகீழாக, 52இல் தொடங்கி 1இல் முடியும்படி செய்யுங்கள். உற்சாகம் மிகுந்த தொடக்கத்தில் பெருந்தொகை சேர்ந்துவிடும்.

கேள்வி: ஒரு நிறுவனத்திடம் மாதந்தோறும் பணம் கட்டினால் பண்டிகைக்குப் பொருளாகவோ கூப்பனாகவோ தருகிறார்கள். சேரலாமா?

பணம் எந்தச் சட்டப் பாதுகாப்பின்கீழ் இருக்கிறது என்று எழுத்து மூலம் தெரிந்துகொள்ளாமல் சேராதீர்கள். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்பு நிறுவனம் 2006 அக்டோபரில் நொடித்துப்போனபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டு முழுவதும் கட்டிய பணம் பண்டிகைக்குச் சில வாரங்களுக்கு முன் முடங்கிப்போனது. அது வங்கி வைப்பாகக் கருதப்படாததால், வங்கி நொடித்தால் வைப்பாளருக்குப் பணம் தரும் வைப்புக் காப்பீடு அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களே அதில் பெரிதும் பாதிக்கப்பட்டன என்பது இன்றும் வேதனை தருகிறது.

கேள்வி: இப்போது கிரெடிட் கார்டில் வாங்கிவிட்டுப் பிறகு மெல்லக் கட்டினால் என்ன? தவணைக்கு வட்டியே இல்லை என்றும் சொல்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மாதம் 3 சதவீத வட்டி என்றால் காதுக்குச் சிறியதாகத் தோன்றும். அது வட்டிக்கு வட்டியாக ஏறி ஓராண்டில் ஏறத்தாழ 42.6 சதவீதம் ஆகிவிடும். இந்த வட்டியில் 100 ரூபாய் கடன் வாங்கி மாதம் 5 ரூபாய் கட்டி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடன் தீர 31 மாதங்கள் ஆகும், கட்டிய தொகை 155 ரூபாயைத் தொடும். அதற்குள் இன்னும் இரண்டு பண்டிகைகள் வந்து போயிருக்கும், அவற்றின் செலவும் அதே கார்டில் ஏறியிருக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து.

கார்டு நம் கையையும் தாராளமாக்குகிறது. டிராசன் பிரெலெக், டங்கன் சைமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டிச் சீட்டுகளை ஏலம் கேட்கச் சொன்னபோது, ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிடக் கார்டில் கட்ட இருந்தவர்கள் சராசரியாக இரு மடங்கு அளவுக்கு விலை கேட்டார்கள். வட்டியில்லாத் தவணையைப் பொறுத்தவரை, முழுத் தொகையையும் உடனே கட்டினால் என்ன தள்ளுபடி கிடைக்கும், நடைமுறைக் கட்டணம் உண்டா, ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் ஆகிய மூன்றையும் கேளுங்கள். உடனே கட்டுவோருக்கு மட்டும் தள்ளுபடி உண்டென்றால், அந்தத் தள்ளுபடித் தொகைதான் நீங்கள் கட்டும் வட்டி. மாத முடிவில் முழுத் தொகையையும் தவறாமல் கட்டுபவர் கார்டைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை.

கேள்வி: எங்கள் உறவு வட்டம் பெரியது. எல்லாருக்கும் பரிசு வாங்கியே பணம் தீர்ந்துவிடுகிறது. மனம் நோகாமல் எப்படிக் குறைப்பது?

பத்துப் பேர் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்தால் 90 பரிசுகள் வாங்க வேண்டும். பெயர்களைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் பத்துப் பரிசுகளே போதும். இதைப் பண்டிகைக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே, எவரும் எதையும் வாங்குவதற்கு முன், குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் வாயால் சொல்லச் செய்யுங்கள். மற்றவர்களும் உள்ளூர இதே சுமையைத்தான் சுமந்துகொண்டிருப்பார்கள். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளியலாளர், பரிசின் விலைக்கும் பெறுபவர் அதற்குத் தரும் மதிப்புக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, விலையில் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை வீணாகிறது என்று எழுதினார். என்ன வேண்டும் என்று நேரடியாகக் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் அன்பு குறைந்துவிடாது.

கேள்வி: "50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் 70 சதவீதம்தானே?

இல்லை, 60 சதவீதம். இரண்டாவது தள்ளுபடி மீதமுள்ள பாதி விலையில்தான் கழிகிறது. அத்துடன், "முந்தைய விலை" என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், வாங்க நினைக்கும் பொருளின் விலையை இரண்டு மாதங்களுக்கு முன்பிருந்தே குறித்து வாருங்கள்.

கேள்வி: சேமிக்கவே மிச்சம் இல்லை. இன்னும் இரண்டு மாதங்கள்தான் இருக்கின்றன. கூடுதலாகச் சம்பாதிக்க வழி உண்டா?

முதலில் வீட்டிலிருப்பதை விற்றுப் பாருங்கள். பழைய கைப்பேசி, குழந்தைகள் வளர்ந்துவிட்டதால் ஓரமாகக் கிடக்கும் மிதிவண்டி, பயன்படாத மின்சாதனம் ஆகியவற்றைப் பண்டிகைக்கு ஆறு வாரங்கள் முன்பே விற்பனைக்கு வையுங்கள். சிக்கனமாக வாங்க நினைப்பவர்கள் அப்போதே தேடத் தொடங்கியிருப்பார்கள், உங்களுக்கும் பேரம் பேச அவகாசம் இருக்கும். கைப்பேசியை விற்கும் முன் அதிலுள்ள தகவல்களை முழுமையாக அழிக்க மறவாதீர்கள்.

அடுத்தது கைத்தொழில். தையல், பரிசுப் பொதி கட்டுதல், அலங்காரம் ஆகியவற்றுக்குப் பண்டிகைக்கு முன் தேவை கூடுகிறது. பொருள் செலவை மட்டும் வைத்து விலை சொல்லாமல், உங்கள் நேரத்துக்கும் கூலி போட்டு, பாதித் தொகையை முன்பணமாகப் பெற்ற பிறகே பொருள் வாங்குங்கள். கடைகளிலும் பார்சல் நிறுவனங்களிலும் கிடைக்கும் தற்காலிக வேலைக்கு ஆள் எடுப்பது வெகு முன்னதாகவே தொடங்கிவிடும் என்பதால், இந்த வாரமே விசாரியுங்கள். கூலி எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதையும் கேளுங்கள். பண்டிகைக்குப் பிறகு வரும் கூலியை நம்பி இப்போது கடன் வாங்க வேண்டாம்.

கேள்வி: அப்படியொரு வேலைக்குப் பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள். வேலையில் சேர்ந்ததும் திருப்பித் தருவார்களாம். கட்டலாமா?

கட்டாதீர்கள். கூலி கொடுக்க வேண்டியவர் உங்களிடமே பணம் கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் நகலோ வங்கி விவரமோ ஏற்கெனவே அனுப்பியிருந்தால், இன்றே உங்கள் வங்கிக்குத் தெரிவியுங்கள்.