வாங்கலாமா, வேண்டாமா? கேள்வி-பதில்: தச்சுப் பட்டறைத் தூசி

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கூரை இறக்கிப் பட்டறை வைத்திருக்கிறேன். 2 எச்.பி. தூசி உறிஞ்சி, பெட்டியில் 1,200 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று போட்டிருந்தது. டேபிள் சா (மேசை ரம்பம்) வரை 20 அடி ஹோஸ், 4 அங்குலம். ஆனாலும் அடியில் தூள் குவிகிறது. 3 எச்.பி. வாங்கலாமா? (சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்: வாங்காதீர்கள். பெட்டியில் போடும் எண், ஹோஸும் பையும் மாட்டாமல் மெஷினை வெறும் வாயோடு ஓடவிட்டு எடுத்தது. கடைக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். இந்த மாதிரி விசிறிக்கு 4 அங்குலக் குழாயில் நிமிடத்துக்கு 350, 400 கன அடிக்கு மேல் காற்று வராது. 3 எச்.பி. போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. 6 அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு அதைப்போல் இரண்டேகால் மடங்கு.

மெஷின் வாயில் இரண்டு 4 அங்குலக் கிளை இருக்கும். அதைக் கழற்றினால் பெரும்பாலும் 5 அல்லது 6 அங்குல வாய் தெரியும். அங்கிருந்து 160 மி.மீ. கழிவுநீர் பைப் போடுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அளவு கச்சிதமாகப் பொருந்தாது. ரப்பர் பட்டை சுற்றி கிளிப் போட்டு இறுக்குங்கள். வளையும் ஹோஸ் கடைசி 3 அடிக்கு மட்டும். அதன் உள்வரிகள் வழவழப்பான பைப்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு காற்றைத் தடுக்கும். 'டி' இணைப்பு வேண்டாம், 45 பாகை 'ஒய்' போடுங்கள். திருப்பத்துக்கு ஒரு 90-க்குப் பதில் இரண்டு 45. டேபிள் சாவின் வாய் 4 அங்குலமாகவே இருந்தால் செலவு வீண். அதை வெட்டிப் பெரிதாக்குங்கள், அல்லது பிளேடு மூடியில் இன்னொரு 4 அங்குலக் குழாய் கொடுங்கள்.

முடித்ததும் கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் கருவி) வையுங்கள். காற்று கூடினால் மோட்டார் சுமையும் கூடும். பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரைத் தாண்டக்கூடாது. 1 எச்.பி. வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து 6 அங்குலம் போடாதீர்கள். காற்றின் வேகம் குறைந்து சீவல் பைப்பிலேயே படுத்துவிடும்.

கேள்வி: வீடு கூட்டும் வேக்குவத்தை இழைப்பு மெஷினில் மாட்டலாமா?

பதில்: கூடாது. இழுவிசை உண்டு, காற்றளவு இல்லை. சீவல் இரண்டே நிமிடத்தில் அடைக்கும். கை சாண்டருக்கு (உப்புத்தாள் தேய்க்கும் மெஷின்) அது போதும்.

கேள்வி: சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு) ஆர்டர் செய்துவிட்டேன். உயரம் 8 அடி 4 அங்குலம், என் கூரை 8 அடி...

பதில்: பணம் கட்டுமுன் அளவு நாடாவை எடுத்திருக்கலாமே! அடியிலுள்ள டிரம்மைக் குட்டையாக்கினால் பொருந்தும். ஆனால் அடிக்கடி கொட்ட வேண்டும். நிறைந்தால் தூள் நேராக ஃபில்டருக்குப் போகும்.

கேள்வி: புதிதில் நன்றாக இழுத்தது, இப்போது இழுவை பாதிதான். பால்மரப் பலகைதான் அறுக்கிறேன்.

பதில்: மேல் பையை வெளியிலிருந்து தட்டுங்கள். நம்மூர் ஈரத்தில் நுண்தூள் பையின் உட்பக்கம் அடைபோல் ஒட்டிவிடும். கீழ்ப் பை பாதி நிறைந்ததுமே கொட்டுங்கள். மெல்லிய துணிப் பையாக இருந்தால் மாற்றிவிடுங்கள், அது நுண்தூளை வெளியே விடும். மரத்தூளைப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. பையில் 'ஒரு மைக்ரான்' (அவ்வளவு நுண்ணிய தூளையும் பிடிக்கும்) என்ற எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கி, டார்ச் அடித்துத் தூள் பறப்பதைப் பார்த்து நொந்தவன்தான்.

கேள்வி: கடையில் 1,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) வெளிநாட்டுப் பழைய மெஷின் வாங்கினேன். 110 வோல்ட். "டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் புதுசு மாதிரி ஓடும்" என்றார்கள். மந்தமாக ஓடுகிறது, சுடுகிறது.

பதில்: தவறு உங்களுடையதல்ல. பெயர்ப்பலகையில் 60 ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண்) என்று இருக்கும். நமது மின்சாரம் 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேகம் ஆறில் ஐந்தாகும், காற்றும் அப்படியே; இழுவை அழுத்தமோ ஏறக்குறைய 69 விழுக்காட்டுக்கு இறங்கும். அதே வோல்ட்டில் குறைந்த ஹெர்ட்ஸ், அதனால்தான் சூடு. ஓட்டுவதை நிறுத்துங்கள். ரசீது, பெயர்ப்பலகைப் படம், கடைக்காரரின் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நீங்கள் இந்த வாரமே போடுங்கள்.